டென்னசி ஸ்டேட் பல்கலைக்கழகம் விளையாட்டுக்குப் பேர்போன கறுப்பினக் கல்லூரியாமே, அங்கே படிப்பு எப்படி?

கேள்வியில் இருக்கும் அந்த ‘கல்லூரியாமே’தான் என்னை எழுத வைத்தது. உங்கள் வீட்டில் பெண்ணுக்கோ பையனுக்கோ அங்கே இடம் கிடைத்திருக்கும். உறவுக்காரர் யாராவது முகம் சுளித்திருப்பார். 2011இல் எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் போய் இறங்கிய பிறகும் விடவில்லை. ஒரு பொங்கல் விழாவில் நம்மூர்க்காரர் ஒருவர், “வேற எங்கயும் கிடைக்கலையாம்மா?” என்று கேட்டார். கையில் பாயசக் கிண்ணத்தோடு நின்றேன், பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

நான் அங்கே எம்.எஸ். முடித்தவள். நன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள், ஆறு மாதத்தில் வேலை கிடைத்தது. ஒவ்வொரு துறையையும் பற்றி எனக்குத் தெரியாது, என் துறையை மட்டும்தான் சொல்கிறேன். “ரேங்க் பார்த்தீர்களா?” என்று கேட்க வருபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1987 முதல் 2020 வரை அந்த மாநிலம் இந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தர வேண்டியதில் சுமார் 210 கோடி டாலர் குறைத்துக் கொடுத்திருக்கிறது என்று 2023இல் அமெரிக்க மத்திய அரசே ஆளுநருக்குக் கடிதம் எழுதியது. அந்தப் பணத்தை நிறுத்தி வைத்துவிட்டு ரேங்க் பார்ப்பது என்ன நியாயம்?

சரி, விளையாட்டுக்கு வருகிறேன். விளையாட்டில் பேர் வாங்கினால் படிப்பில் மட்டம் என்று நினைக்கிறீர்கள் அல்லவா, அந்த இடத்தில்தான் எனக்கு வலிக்கிறது.

எட் டெம்பிள் என்று ஒரு கோச். முதுகலை மாணவராக இருந்தபோதே மாதம் 150 டாலருக்கு வளாகத் தபால் ஆபீஸைப் பார்த்துக்கொண்டு, பெண்கள் தடகள அணிக்கும் பயிற்சி கொடுக்க ஒப்புக்கொண்டவர். பிறகு சமூகவியலும் நடத்தினார். அணிக்கு டைகர்பெல்ஸ் என்று பெயர். ஆரம்பத்தில் இருந்தது வெறும் மண் பாதை, கோடுகூடக் கிடையாது. கோடு போட அவர் தன் கைக்காசைச் செலவழித்தார். மாணவிகள் வளாகத்தில் வேலை பார்த்துத்தான் படிப்புச் செலவைச் சமாளித்தார்கள். தெற்கு மாநிலங்களில் போட்டிக்குப் போகும்போது வழியில் எந்த ஓட்டலும் கறுப்பினப் பெண்களை உட்கார வைத்துச் சோறு போடாது, கழிப்பறைக்குள்ளும் விடாது. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு காரில் போவார்கள், வயலோரம் நிறுத்துவார்கள்.

அப்படிப் போனவர்களில் 40 பேர் ஒலிம்பிக்கில் போட்டியிட்டார்கள். 23 பதக்கங்கள், அதில் 13 தங்கம். இதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியம் அடுத்த எண். அந்த 40 பேரில் 39 பேர் பட்டம் வாங்கினார்கள். வகுப்புக்கு ஒழுங்காகப் போகாதவருக்கு டெம்பிளின் அணியில் இடமில்லை. இப்போது சொல்லுங்கள், படிப்பு எப்படி?

வில்மா ரூடால்ஃபை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கிளார்க்ஸ்வில் ஊரில் 22 பிள்ளைகளில் 20ஆவது. போலியோவால் காலில் இரும்புப் பட்டை. வாரந்தோறும் அம்மா நாஷ்வில் மெஹாரி ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போவார். அந்தப் பெண் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 100, 200, தொடரோட்டம் என்று மூன்று தங்கம் வாங்கினார். அந்த 4x100 அணியின் நால்வருமே (மார்த்தா ஹட்சன், லூசிண்டா வில்லியம்ஸ், பார்பரா ஜோன்ஸ், வில்மா) இந்த ஒரே வளாகத்துப் பெண்கள். கடைசியாகத் தொடரோட்டக் கோல் கைமாறும்போது தடுமாறி, வில்மா கிட்டத்தட்ட நின்றே விட்டார். அப்புறம் எடுத்தார் பாருங்கள் ஓட்டம், ஜெர்மன்காரியை முந்திக்கொண்டு முடித்தார். ஊர் திரும்பியதும் வெள்ளையர், கறுப்பர் தனித்தனியாக நிற்கும் வரவேற்பு என்றால் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கிளார்க்ஸ்வில் வரலாற்றில் இரு இனத்தாரும் ஒன்றாகக் கலந்துகொண்ட முதல் ஊர் விழா அதுதான். 1963இல் ஆசிரியர் பட்டமும் வாங்கினார். அவர் பெயர் வைத்த ஹாஸ்டலைத் தாண்டித்தான் நான் தினமும் வகுப்புக்குப் போவேன்.

வயோமியா டையஸ் என்றால் யாருக்கும் தெரிவதில்லை. 1964, 1968 இரண்டு ஒலிம்பிக்கிலும் 100 மீட்டர் தங்கம். அந்தத் தங்கத்தை அடுத்தடுத்து இரண்டு முறை வாங்கிய முதல் மனிதர், ஆண் பெண் இருபாலரையும் சேர்த்தே சொல்கிறேன். கேட்டால் கார்ல் லூயிஸ் என்பார்கள். அவர் அதைச் செய்தது இருபது வருடம் கழித்து.

இனி நான் சொல்லப்போவது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது என்று சிலர் சொல்லலாம். எனக்குச் சம்பந்தம் இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பு வரை நான் 400 மீட்டர் ஓடினேன். சோனல் தாண்டி டிஸ்ட்ரிக்ட் வரை போனேன். எங்கள் பி.டி. மாஸ்டர் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டே பி.டி. உஷா கதை சொல்வார். 1984 லாஸ் ஏஞ்சலஸ், நூறில் ஒரு பங்கு நொடியில் பதக்கம் போனது. அதே ஒலிம்பிக்கில் உஷா, ஷைனி ஆபிரகாம், வல்சம்மா, வந்தனா ராவ் நால்வரும் 4x400 இறுதிப் போட்டி வரை போய் ஏழாவதாக வந்ததையும் சொல்வார். பத்தாம் வகுப்பு வந்தது. பி.டி. பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொண்டார்கள். அப்பாவைக் கூப்பிட்டு, “ஓட்டமெல்லாம் போதும் சார், மார்க் குறையும்” என்றார்கள். என் ஸ்பைக்ஸ் அத்தை மகளுக்குப் போனது. அவளுக்கு அளவு சரியில்லை, பரணில் கிடந்தது. இருபது வருடமாகியும் எனக்கு அது ஆறவில்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பதும் தெரியும்.

டென்னசி ஸ்டேட்டில் முதல் செமஸ்டரில் ஒரு மாலை. லேப் முடிந்து டிராக் ஓரமாக வருகிறேன். பெண்கள் கோல் மாற்றிப் பழகுகிறார்கள். வாங்குபவள் திரும்பிப் பார்க்கவே இல்லை, கையை மட்டும் பின்னால் நீட்டுகிறாள். உள்ளங்கையில் கோல் ‘டப்’பென்று விழும் சத்தம் வேலி வரை கேட்டது. கோச் யார் என்று பக்கத்தில் நின்ற பையனைக் கேட்டேன். சாண்ட்ரா சீஸ்பரோ என்றான். அறைக்குப் போய்த் தேடிப் பார்த்தேன். இவரும் டைகர்பெல். 1984இல் 400 மீட்டரில் வெள்ளி, இரண்டு தொடரோட்டங்களிலும் தங்கம். உஷாவும் மற்றவர்களும் ஓடிய அதே இறுதிப் போட்டியில் அமெரிக்காவுக்குக் கடைசிச் சுற்று ஓடியவர் இவர்தான். எங்கள் மாஸ்டர் சுண்ணாம்புக் கையோடு சொன்ன அதே பந்தயம். அன்றைக்கு ராத்திரி அப்பாவுக்குப் போன் செய்து, எதற்கென்று சொல்லாமலே வெகுநேரம் பேசினேன்.

பல்கலைக்கழகத்தின் பாண்டு வாத்தியக் குழு பற்றியும் யாரோ இளப்பமாகச் சொல்லியிருப்பார்கள். 1961இல் கென்னடி பதவியேற்பு ஊர்வலத்தில் வாசித்த பாண்டு அது. 2023இல் கிராமி வாங்கியது. பிள்ளைகள் பாடம் முடித்துவிட்டு மாலையெல்லாம் பழகுவார்கள். டிரம் அடி லேப் ஜன்னல் கண்ணாடி வரை அதிரும்.

ஹோம்கமிங் அன்று, அதாவது பழைய மாணவர்கள் திரும்பி வரும் நாளன்று, ஜெஃபர்சன் தெருவில் ஊர்வலம். எனக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி, நீல ஜாக்கெட், வெள்ளைப் பேண்ட், மடக்கு நாற்காலி. அறுபதுகளில் அங்கே படித்தவராம். என்னை ‘பேபி’ என்று கூப்பிட்டு, காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்த பொரித்த கோழியில் பாதியைக் கொடுத்தார். “அப்போதெல்லாம் எங்கே போனாலும் கட்டிக்கொண்டு போனோம், இன்றும் பழக்கம் விடவில்லை” என்றார். தெருவைக் காட்டி, இங்கே வரிசையாகக் கடைகள் இருந்தன, 40ஆம் எண் நெடுஞ்சாலையை நடுவில் போட்டுப் பிளந்துவிட்டார்கள் என்றார். பாண்டு திரும்பி வரும் சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டு, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். கடைசி வரிசை தாண்டும் வரை உட்காரவில்லை.

எல்லாக் கறுப்பினப் பல்கலைக்கழகமும் இப்படியா என்று எனக்குத் தெரியாது. படிப்புச் செலவு, உதவித்தொகை இதெல்லாம் வருடத்துக்கு வருடம் மாறும், துறைக்கே எழுதிக் கேளுங்கள். பிள்ளையை அனுப்புவதாக இருந்தால் ஓடுகிற ஷூ ஒன்று பெட்டியில் வையுங்கள். ஹோம்கமிங் அன்று காலையிலேயே ஜெஃபர்சன் தெருவுக்குப் போகச் சொல்லுங்கள், தாமதமானால் நிற்க இடம் கிடைக்காது.