தலையணை முதல் சார்ஜர் வயர் வரை

கேள்வி: ஏழாவது மாதம். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பதால் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். உடம்பெல்லாம் நோகிறது. என்னென்ன வாங்கி வைத்துக்கொள்ளலாம்?

பதில்: இரண்டாவது பிரசவத்துக்கு முன் 9 வாரம் நானும் இப்படிக் கிடந்தவள்தான். முதலில் நீளமான தலையணை ஒன்று. இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவே அதைக் கொடுங்கள். வயிற்றுக்கடியில் மடித்த துண்டு. மல்லாந்து படுத்தால் கருப்பையின் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். அடுத்தது, சிரிக்காதீர்கள், உறிஞ்சுகுழாய் வைத்த தண்ணீர் பாட்டில். அது தோன்றாமல் எத்தனை நாள் கழுத்தெல்லாம் நனைத்துக்கொண்டேன்! நீளமான சார்ஜர் வயரும் வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் இறுக்கமான காலுறையை மட்டும் நீங்களாக வாங்காதீர்கள், டாக்டர் சொல்லட்டும். வலி விட்டுவிட்டு வந்தாலோ, துளி ரத்தம் பட்டாலோ, தலையணையைச் சரிசெய்துகொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.