வீட்டில் கட்டிய மின்சாரக் கார்: பற்றரிக் கேள்விகள்

கிளிநொச்சியில் என் வீட்டுக் கொட்டிலில் நிற்கும் மாருதி 800 இன் எஞ்சினை இறக்கிவிட்டு மோட்டர் ஏற்றி ஓட்டுகிறேன் என்று தெரிந்த நாள் தொடக்கம் ஆட்கள் கேட்டபடிதான் இருக்கிறார்கள். மோட்டரைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை, எல்லாம் பற்றரிதான். என்னுடையது 280 அம்பியர்-மணி எல்.எஃப்.பி. (லிதியம் இரும்புப் பொஸ்பேற்று) செல் பதினாறு, தொடராகக் கட்டியது. 51.2 வோல்ட், கணக்குக்கு 14.3 கிலோவாட்-மணி. வந்த கேள்விகளைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

வவுனியா, லொறி சாரதி: அண்ணை, 150 அம்பியர்-மணி லொறி பற்றரி ஆறு கிடக்குது. தொடராகக் கட்டினால் 72 வோல்ட். ஓடுமா?

ஓடும் தம்பி, கொஞ்ச நாளைக்கு. லொறி பற்றரி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவதற்கென்று செய்தது. மெல்லிய தகடுகள் நிறைய வைத்திருக்கும். சில செக்கன் பெரிய மின்னோட்டத்தைக் கொடுத்துவிட்டு, கொடுத்ததை உடனே திருப்பி வாங்கிக்கொள்ளும். அதை ஒவ்வொரு நாளும் ஆழமாக இறக்கி ஏற்றினால் தகடு உதிர்ந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். 72 ஐ 150 ஆல் பெருக்கினால் 10.8 கிலோவாட்-மணி. ஈயப் பற்றரியில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. மோட்டர் இழுக்கிற இழுவைக்கு அந்தப் பாதியும் முழுதாக வராது. நாலு தேறினால் பெரிய விசயம். சின்னக் கார் கிலோமீற்றருக்கு 120 வாட்-மணி அளவில் தின்னும் என்றால் முப்பது சொச்சம் கிலோமீற்றர். ஓமந்தைக்குப் போய்த் திரும்பலாம், அதற்கு மேல் துணிய வேண்டாம். அந்தத் தூரத்துக்குக் கால் தொன் பாரம் சுமக்க வேண்டும்.

ஈயம்தான் என்றால் ஆழ இறக்கத்துக்கென்று செய்த பற்றரி வாங்குங்கள். வடித்த தண்ணீரை, சார்ஜ் ஏறி முடிந்த பிறகு விடுங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்தால் காரணம் விளங்கும். ஏற்றும்போது ஐதரசன் கிளம்பும். காற்றில் நூற்றுக்கு 4 சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். பூட்டிய அறையில் வைத்து ஏற்றாதீர்கள், பக்கத்தில் பீடியும் வேண்டாம்.

புதுக்குடியிருப்பு: எல்.எஃப்.பி. பதினாறு செல்லுக்கு என்னிடம் இருக்கும் 48 வோல்ட் ஈயப் பற்றரிச் சார்ஜர் சரிவருமா?

போர்க்காலத்தில், பொருளாதாரத் தடை இருந்தபோது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட ஆட்கள் நாங்கள். வேகமாகச் சுற்றினால் ரேடியோ கத்தும், மெதுவாகச் சுற்றினால் முனகும். அளவாகச் சுற்றத் தெரிந்தவனே பாட்டுக் கேட்டான். சார்ஜரின் வேலையும் அதுதான்.

எல்.எஃப்.பி. செல் ஒன்றின் உச்சம் 3.65 வோல்ட். பதினாறுக்கு 58.4. முதலில் சார்ஜர் ஒரே மின்னோட்டத்தைத் தள்ளும், வோல்ட் மெல்ல ஏறும். உச்சத்தைத் தொட்டதும் வோல்டைப் பிடித்துக்கொண்டு மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வரும். நெல் மூடை கட்டுவது போல: முதலில் கடகத்தால் கொட்டுகிறோம், கடைசியில் கையால் அள்ளி அடைகிறோம். மின்னோட்டம் நன்றாகக் குறைந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

ஈயச் சார்ஜர் அங்கே நிறுத்தாது. சில வகை, செல்களைச் சமப்படுத்துகிறேன் என்று 60 வோல்டுக்கு மேல் போகும். சில வகை, தகட்டில் படிந்த உப்பைக் கரைக்கிறேன் என்று துடிப்பு அனுப்பும். எல்.எஃப்.பி.க்கு இரண்டுமே ஆகாது. வோல்ட் மாற்றக்கூடிய சார்ஜர் ஒன்று வாங்குங்கள். நான் 56.8 இல் வைத்திருக்கிறேன், செல்லுக்கு 3.55 வரும். கடைசி 0.1 வோல்டில் கிடைப்பது மிகக் கொஞ்சம், அதற்காக செல்லை வருத்துவானேன்?

பரந்தன், தொழில்நுட்பக் கல்லூரி மாணவன்: செல்களைச் சமப்படுத்தாமல் கட்டினால் என்ன? பி.எம்.எஸ். (செல்களைக் கண்காணித்து வெட்டும் பலகை) பார்த்துக்கொள்ளாதா?

பார்த்துக்கொள்ளாது. கடையில் கிடைக்கும் அநேகமான பி.எம்.எஸ். சமப்படுத்துவது நூறு, இருநூறு மில்லி அம்பியரில். உன் செல்களில் ஒன்று மற்றவற்றைவிட 30 அம்பியர்-மணி பின்னுக்கு நின்றால், அது எட்டிப் பிடிக்க வாரக்கணக்காகும். அதுவரை முன்னுக்கு நிற்கிற செல் முதலில் 3.65 ஐத் தொட்டுச் சார்ஜை வெட்டும், பின்னுக்கு நிற்கிற செல் முதலில் 2.5 க்கு விழுந்து ஓட்டத்தை வெட்டும். பதினாறு செல் வாங்கியும் உனக்குக் கிடைப்பது அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான்.

ஆகவே முதலில் மேல்மட்டச் சமன். எல்லாச் செல்லையும் பக்கமாகக் கட்டி, நேர் எல்லாம் ஒன்றாக, மறை எல்லாம் ஒன்றாக, 3.65 வோல்டுக்கு ஏற்றுவது. கேட்க லேசாக இருக்கும். ஆனால் பதினாறு செல் பக்கமாக என்றால் 4480 அம்பியர்-மணி. 10 அம்பியர் சப்ளையில் (வோல்டைக் குமிழால் திருகி வைக்கும் மின்பெட்டி) வெறுமையிலிருந்து ஏற்றினால் 448 மணித்தியாலம், பதினெட்டு நாளுக்கு மேல்! அதனால் முதலில் தொடராகக் கட்டி, பி.எம்.எஸ். போட்டு, ஏதாவது ஒரு செல் உச்சத்தைத் தொட்டு வெட்டும் வரை ஏற்று. பிறகு கழற்றி ஒரு மணித்தியாலம் ஆறவிட்டு, பக்கமாகக் கட்டி மிச்சத்தை நிரப்பு.

இதிலே நான் விட்ட பிழையைச் சொல்கிறேன். சப்ளையில் 3.65 ஐச் செல்லைத் தொடுக்க முன்னமே வைக்க வேண்டும். நான் தொடுத்துவிட்டு வைத்தேன். அப்போது மீற்றர் காட்டியது செல்லின் வோல்ட், 3.3. அதைப் பார்த்துக் குமிழைத் திருகிக்கொண்டே போனேன், ஏறவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினேன். எதற்கும் என்று கழற்றிப் பார்த்தால் சப்ளை 5 வோல்டில் நிற்கிறது. நல்ல வேளையாக அது ஒற்றைச் செல், பரீட்சைக்குப் போட்டது. ஆனாலும் பார்த்த நேரம் பிந்திவிட்டது. அந்தச் செல் வயிறு ஊதி, இரண்டு பக்கமும் புடைத்து, இன்றைக்கும் என் மேசையில் கடதாசி பறக்காமல் பாரமாக இருக்கிறது.

இன்னொன்று. செல்லில் வேலை செய்யும்போது கடிகாரம், மோதிரம், கழுத்துச் சங்கிலி எல்லாம் கழற்றி வை. ஸ்பனரின் பிடியை இன்சுலேசன் டேப்பால் சுற்று, முனை மட்டும் தெரிந்தால் போதும். ஸ்பனர் இரண்டு முனைக்கும் குறுக்கே விழுந்தால் வெல்டிங் பிளான்ட் தேவையில்லை.

முல்லைத்தீவு, கரையோரம்: ஏற்றத்தில் ஒரே செல் மட்டும் 2.8 க்கு விழுகிறது. அந்தச் செல்லை மாற்றியும் பார்த்தாச்சு, அதே இடம் அதே விழுகை.

இடம் மாறாவிட்டால் பிழை செல்லில் இல்லை, தொடுப்பில். பி.எம்.எஸ். கம்பி, செல்களை இணைக்கும் தகட்டின் மேல் போல்ட்டில் பூட்டியிருக்கும், அதனால் தொடுப்பில் விழுகிற வோல்டையும் செல்லின் கணக்கில் எழுதிவிடும்.

மோட்டர் 100 அம்பியர் இழுக்கும்போது மீற்றரின் ஒரு முனையைச் செல் முனையின் உலோகத்திலும் மற்றதை இணைக்கும் தகட்டிலும் வைத்துப் பாருங்கள். 0.1 வோல்ட் காட்டினால் அங்கே ஒரு மில்லி ஓம் நிற்கிறது. அந்த இடத்தில் 10 வாட் சூடு, கை வைத்தாலே தெரியும். கடற்காற்றில் இது அடிக்கடி நடக்கும். செல் முனை அலுமினியம், காற்றுப் பட்டவுடனேயே மேலே ஒரு படலம் வந்துவிடும். கழற்றி, மெல்லிய எமறித் தாளால் தேய்த்து, துடைத்து, உடனே முனைக் கிறீஸ் மெல்லிசாகப் பூசிப் பூட்டுங்கள். அளவாக இறுக்குங்கள், ஸ்பனரில் தொங்க வேண்டாம். அலுமினியப் புரி போனால் செல்லே போனது. இரண்டு கிழமையால் திரும்ப ஒருக்கா அளந்து பாருங்கள்.

மாங்குளம்: கொழும்பில் பழைய நிசான் லீஃப் பற்றரி உடைத்து விற்கிறார்கள். வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் பொருளை விளங்கி வாங்குங்கள். முதல் தலைமுறை லீஃபின் 24 கிலோவாட்-மணிப் பொதியில் 48 மொடியூல். ஒவ்வொன்றிலும் நாலு செல்: இரண்டு பக்கமாக, இரண்டு தொடராக. ஒரு மொடியூல் 7.6 வோல்ட் அளவு, 3.8 கிலோ, புதிதில் அரைக் கிலோவாட்-மணி. ஏழு மொடியூலைத் தொடராகக் கட்டினால் 14 செல் தொடர், 48 வோல்ட் மோட்டருக்குச் சரி. ஓடுகிற தூரத்துக்கு அந்த ஏழு போதாது, மூன்று வரிசையாவது வேண்டும்.

இது எல்.எஃப்.பி. இல்லை, செல் உச்சம் 4.2. நானென்றால் 4.1 இல், அதாவது 57.4 வோல்டில் நிறுத்துவேன். கீழே 3.0 இல் வெட்டுவேன். எல்.எஃப்.பி.க்கு வைத்த பி.எம்.எஸ். இதற்கு ஆகாது. லீஃப் பொதிக்குக் குளிரூட்டலே இல்லை, அது கிடந்ததோ நம்முடைய வெயிலில். ஆகவே மொடியூல் ஒவ்வொன்றையும் முழுக்க ஏற்றி, தெரிந்த சுமையில் இறக்கி, எத்தனை அம்பியர்-மணி வந்தது என்று எழுதுங்கள். வோல்ட் மட்டும் பார்த்து வாங்கியவர்களில் நானும் ஒருவன். ஒரு கடையில் வாங்கிய எட்டில் மூன்று, வோல்ட் நன்றாகக் காட்டிவிட்டுப் பாதி கூடக் கொடுக்கவில்லை. பெயர் வேண்டாம், கடையும் இப்போது இல்லை.

தருமபுரம், ஆசிரியை: வீட்டுப் பிளக்கில் ஏற்றலாமா அண்ணா? பின்னேரத்தில் எங்கள் பக்கம் வோல்ட் இறங்கிவிடும்.

ஏற்றலாம் தங்கச்சி. 25 அம்பியர் சார்ஜர் சுவரிலிருந்து 1.6 கிலோவாட் அளவு எடுக்கும், 230 வோல்டில் 7 அம்பியர். 190 க்கு இறங்கினால் அதே வேலைக்கு 8.4 அம்பியர் இழுக்கும், வயர் இன்னும் சூடாகும். உச்சநேரம் இரவு 10.30 உடன் முடிகிறது. அதற்குப் பிறகு போடுங்கள், விடிய நிறைந்திருக்கும்.

13 அம்பியர் சதுர முள்ளு பிளக் என்பதற்காக எட்டு மணித்தியாலம் 13 இழுக்கக் கூடாது. முதல் நாள் அரை மணிக்கொருக்கா பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுருட்டி வைத்த நீட்டு வயரில் ஏற்றவே வேண்டாம், முழுக்க விரித்துவிடுங்கள். சார்ஜரின் உடலுக்கு எர்த் கட்டாயம். ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருக்கா அமர்த்துங்கள். வைகாசி, ஆனி வெயிலில் மண் காய்ந்து எர்த் கம்பி பேருக்குத்தான் நிற்கும். அடியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவதில் தப்பில்லை.

பூநகரி: பி.எம்.எஸ். 100 அம்பியர், கொன்ட்ரோலர் (மோட்டருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் பெட்டி) 300 அம்பியர். பரவாயில்லையா?

இல்லை. ஏ9 வீதியில் பஸ்ஸை முந்தும் நேரத்தில் பி.எம்.எஸ். வெட்டிவிடும். கொன்ட்ரோலரில் பற்றரி எல்லையை 90 க்குக் குறையுங்கள், அல்லது பெரிய பி.எம்.எஸ். போடுங்கள்.

முழங்காவில்: கொன்ட்ரோலருக்கு வயரைத் தொட்டாலே படார் என்று பொறி. கொன்டாக்டரும் (பற்றரியைத் தொடுத்து விடும் பெரிய சுவிட்ச்) ஒட்டிவிட்டது.

தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிளுக்குச் சூப்பிப் போத்தலால் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு எழுப்பியது ஞாபகம் இருக்கும். கொன்ட்ரோலருக்கும் அப்படி எழுப்ப வேண்டும். உள்ளே மின்னைத் தேக்கி வைக்கும் பெரிய கொள்ளளவிகள் வெறுமையாக இருக்கும். நேரே தொட்டால் ஒரு கணம் நூற்றுக்கணக்கான அம்பியர் பாயும், அதுதான் கொன்டாக்டரை ஒட்டிவிடுகிறது. கொன்டாக்டருக்குக் குறுக்கே 100 ஓம், 25 வாட் தடை ஒன்றை ஒரு சின்ன சுவிட்சுடன் போடுங்கள். முதலில் அது, ஐந்து செக்கன், பிறகு கொன்டாக்டர்.

கேட்காததையும் சொல்கிறேன். படம் அனுப்பியிருந்தீர்கள், அதில் வீட்டு பிரேக்கர் ஒன்று இருக்கிறது. கழற்றுங்கள். வீட்டு மின்சாரம் செக்கனுக்கு நூறு தரம் பூச்சியத்தைக் கடப்பதால் அங்கே பொறி தானாக அணையும். பற்றரி மின்சாரம் பூச்சியத்துக்கு வராது, பொறி நின்று எரியும். நேர் மின்னோட்டத்துக்கென்று (டி.சி.) எழுதிய ஃபியூஸைப் பற்றரியின் நேர் முனைக்குக் கிட்டவே வையுங்கள்.

கனகராயன்குளம்: பதிவுப் பிரச்சினை வருமா?

வாகனப் பதிவில் எரிபொருள் வகையும் எழுதியிருக்கிறது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு, காப்புறுதிக்காரருக்கும் சொல்லிவிட்டுத் தெருவில் இறக்குங்கள். வயலுக்குள் ஓட்டுவது வேறு கதை.

இரணைமடு, ஓய்வுபெற்ற ஐயா: மாரியில் மூன்று மாதம் மகள் வீட்டுக்குப் போய்விடுவேன். நிரப்பிவிட்டுப் போவதா, இறக்கிவிட்டுப் போவதா?

இரண்டும் இல்லை ஐயா, பாதியில் விடுங்கள். பாதி என்பதை வோல்டில் கண்டுபிடிக்க ஏலாது, எல்.எஃப்.பி. நூற்றுக்கு 20 இலிருந்து 80 வரை கிட்டத்தட்ட ஒரே 3.3 இல்தான் நிற்கும். அம்பியர்-மணி எண்ணுகிற ஷன்ட் மீற்றரைப் பாருங்கள். முதன்மை இணைப்பைக் கழற்றுங்கள். 12 வோல்டுக்கு மாற்றும் பெட்டியும் பி.எம்.எஸ்.ஸும் சும்மா கிடந்தே குடிக்கும், மூன்று மாதத்தில் அது பெரிய கணக்கு.

2018 டிசம்பர் வெள்ளத்தில் உங்கள் பக்கம் தண்ணீர் எவ்வளவுக்கு வந்தது என்று உங்களுக்குத்தான் தெரியும். காரை அந்தக் கோட்டுக்கு மேல் ஏற்றி நிறுத்துங்கள். திரும்பி வந்ததும் சார்ஜரைத் தொட முன்னம் பதினாறு செல்லையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். ஏதாவது ஒன்று 2 வோல்டுக்குக் கீழே கிடந்தால் ஏற்றாமல் எனக்குச் சொல்லுங்கள், நான் வந்து பார்க்கிறேன்.