குடும்பத்தில் இதய நோயும் மனநோயும் இருந்தால் பிள்ளைகளுக்கும் வருமா?

அப்பா வழியில் மாரடைப்பு, தாய்மாமாவுக்கு மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா), இரண்டும் மரபணு வழியாக எனக்கு வருமா, வெளியே சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். வேறு எந்த நேரத்திலும் நம் வீடுகளில் இந்தக் கேள்வி எழுவதில்லை.

நான் டாக்டர் இல்லை. மதுரையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். ஆனால் இந்த இரண்டு நோய்களும் இருந்த வீட்டில் வளர்ந்தவள்.

2006-ல் எனக்குத் தட்டு மாற்ற நாள் குறித்தாயிற்று. சித்தப்பாவுக்கு மனச்சிதைவு என்று யாரோ மாப்பிள்ளை வீட்டில் சொல்ல, புரோக்கரிடம் "அந்த வீட்டு ரத்தத்துலயே கோளாறு இருக்கு" என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். அப்பா 43 வயதில் கடைக் கல்லாவிலேயே சாய்ந்து போனதும் அவர்களுக்குத் தெரியும். பெண் பார்க்க வந்த அன்று, "யாருக்கும் சிரமம் வைக்காம போயிட்டாரு, புண்ணியவான்" என்று அதைப் பேசிவிட்டுத்தான் காபி குடித்தார்கள்.

அப்புறம் உறவில், வெளியில் கொடுத்தால் இப்படித்தான் பேசுவார்கள், அத்தை மகனுக்கே முடித்துவிடலாம் என்றார்கள். மச்சானுக்கு வேறு பெண் மேல் விருப்பம் இருந்ததால் அது நடக்கவில்லை. அன்று அழுதேன்.

சித்தப்பா 2012-ல் இறந்தார். இரவு நெஞ்சு எரிகிறது என்று சொல்ல, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அவர் சாப்பிடும் மாத்திரைச் சீட்டைப் பார்த்ததும் பணியில் இருந்தவர் முகம் மாறியது. ஈ.சி.ஜி. எடுக்கவில்லை. வாயுவுக்கு ஊசி போட்டு அனுப்பினார்கள். விடியற்காலையில் உயிர் போனது. எல்லோரும் பயந்தது அவர் மனதைப் பார்த்து, அவரைக் கொண்டுபோனது இதயம். தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்றும், அதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று இதய நோய் என்றும் பிறகுதான் படித்தேன். மனச்சிதைவுக்குக் கொடுக்கும் ஓலன்சபைன் போன்ற மாத்திரைகள் எடை, சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் ஏற்றும். மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. அந்த மாத்திரையால்தான் அவர் நிம்மதியாகத் தூங்கினார். ஆனால் பதினெட்டு வருடத்தில் ஒருமுறைகூட யாரும் அவருக்குக் கொழுப்புப் பரிசோதனை எழுதித்தரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் இருந்தபோது தீபாவளிக்குக்கூட எட்டிப் பார்க்காத உறவினர்கள், பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் அவர் பங்கு வீட்டுக்குக் கையெழுத்து வாங்கப் பத்திரத்தோடு வந்து நின்றார்கள். சாப்பாடு ஊட்டியது என் அம்மா.

சரி, மரபணுவுக்கு வருகிறேன். 2015-ல் என் அண்ணனுக்கு 37 வயதில் மாரடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். மறுநாள் இதய மருத்துவர் போர்வையை விலக்கி, அண்ணனின் குதிகாலுக்கு மேலே தடித்திருந்த தசைநாணை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "அப்பாவுக்கும் இப்படி இருந்ததா?" என்று கேட்டார். "ஆமா சார், செருப்பு உரசிக் காய்ச்சுப்போச்சுன்னு நெனச்சோம்" என்றார் அம்மா. அது காய்ப்பு இல்லை, தசைநாணில் படிந்த கொழுப்பு. அண்ணனின் எல்.டி.எல்., அதாவது கெட்ட கொழுப்பு, 268.

இதற்குப் பெயர் குடும்பவழி மிகைக்கொழுப்பு. கல்லீரல் ரத்தத்திலிருந்து கெட்ட கொழுப்பைப் பிடித்து இழுத்துக்கொள்ளும் ஏற்பி, மரபணுப் பிழையால் சரியாக வேலை செய்யாது. அந்த ஏற்பியைக் கண்டுபிடித்த பிரௌன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. சுமார் 250 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கொழுப்பு என்பதே மருந்துக் கம்பெனிகளின் கட்டுக்கதை என்று எழுத வருபவர்களுக்கு: என் அப்பா சைவம், ஒல்லி, கடைக்கு நடந்தே போய்வந்தவர்.

அப்பா வழியில் எல்லோரையும் பரிசோதிக்கச் சொன்னார் டாக்டர். எனக்கு இருந்தது. அத்தைக்கும் மச்சானுக்கும் இருந்தது. நாங்கள் கல்யாணம் செய்திருந்தால் நான்கில் ஒரு வாய்ப்பில் குழந்தைக்கு இரண்டு பக்கமிருந்தும் அந்தப் பிழை வந்திருக்கும். அப்படிப் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளி வயதிலேயே மாரடைப்பு வரக்கூடும். சொந்தத்தில் கட்டியவர்களை நான் குறை சொல்லவில்லை. என் பெரியம்மாவும் அப்படித்தான், பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். பாதுகாப்பு என்று எங்கள் வீடு நினைத்த இடத்தில்தான் ஆபத்து இருந்தது என்று சொல்கிறேன்.

பரம்பரை இதய நோய் எல்லாமே கொழுப்பு இல்லை. இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது தெற்காசியரில் நூற்றுக்குச் சுமார் நான்கு பேரிடம் இருப்பதாக 2009-ல் ஒரு ஆய்வு வந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளரும் அதில் இருந்தார். அந்தப் பிழை இருந்தால் பின்னாளில் இதயத் தசை பலவீனமாகலாம். அதனால் ரத்தப் பரிசோதனையோடு எக்கோ என்ற இதய ஸ்கேனும் எடுத்துவிடுங்கள்.

மனச்சிதைவு அப்படி ஒரே பிழையால் வருவதில்லை. 2022-ல் வெளியான பெரிய ஆய்வில் மரபணுத் தொகுப்பின் 287 இடங்கள் அதோடு தொடர்புபடுத்தப்பட்டன. பெரும்பாலான இடங்களின் பங்கு மிகச் சிறியது. ஒரே மரபணுக்கள் கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும், மற்றவருக்குச் சுமார் பாதி அல்லது அதற்கும் குறைவான வாய்ப்புதான். பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வரும், அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் சுமார் பத்தில் ஒருவருக்கு. மாமா, சித்தப்பா என்றால் நூற்றுக்கு மூன்று நான்கு பேர். உங்களுக்கு வருமா என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

வெளியே சொல்லலாமா என்றால், நான் சொன்னேன். என்னைக் கட்டியவரிடம் முதல் சந்திப்பிலேயே சித்தப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "இப்ப யாரு அவரைப் பாத்துக்கிறா?"

மறைக்கச் சொல்கிறேன் என்று யாரும் திரிக்க வேண்டாம். மாமா நோயைச் சொல்லும்போது அப்பா வழி மாரடைப்பையும் அதே மூச்சில் சொல்லுங்கள். அதற்கு முன்னால் கொழுப்புப் பரிசோதனை எடுத்து, எல்.டி.எல். 190-க்கு மேல் இருந்தால் இதய மருத்துவரிடம் போங்கள். என் பையனுக்கு 92. மகளுக்கு 214. அவளுக்குப் பதினோரு வயது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அவளே டப்பாவைத் திறந்து மாத்திரை போட்டுக்கொண்டு, நாள்காட்டியில் டிக் அடித்துவிட்டுப் படுக்கப் போகிறாள்.