ஆறாவது பல்லை எண்ணிப் பாருங்கள்

கேள்வி: மகளுக்கு ஆறரை வயது. கீழ்க் கடைவாய்ப் பல்லில் கறுப்பாக ஒரு சூத்தை. "பாற்பல்தானே, விழுந்து முளைக்கும்" என்கிறா மாமி. அடைக்கத்தான் வேண்டுமா? என் அம்மாவுக்கு 64 வயது. நீரிழிவு இருக்கிறது, வெற்றிலையும் போடுவா. பல் ஆடுகிறது, எல்லாவற்றையும் பிடுங்கிப் பல்செற் கட்டப்போகிறேன் என்று நிற்கிறா. என்ன செய்யலாம்? (ஒரு தாய், கோப்பாய்)

பதில்: அது பாற்பல்தானா என்று முதலில் பார்ப்போம். பிள்ளையை யன்னல் வெளிச்சத்தில் மடியில் சாய்த்து, கன்னத்தை விரலால் விலக்கி, கீழ் முன்பற்களின் நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள். விழுந்த பல்லின் இடைவெளியையும் ஒன்றாகச் சேருங்கள். நான்காவதும் ஐந்தாவதும் பாற்பற்கள். அவற்றுக்குப் பின்னால் ஆறாவதாக ஒன்று இருந்தால், அது நிரந்தரப் பல். ஆறு வயதளவில், எந்தப் பல்லும் விழாமலே, அது தன்பாட்டில் முளைத்துவிடும். அதனால்தான் பலர் அதைப் பாற்பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது போனால் அந்த இடத்தில் இன்னொன்று முளைக்காது. "பாற்பல் என்றுதானே விட்டேன், டொக்டர்" என்று கண்கலங்கும் தாய்மாரை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

சூத்தை ஆறாவதில் என்றால் இந்த வாரமே காட்டுங்கள். முளைத்த பிறகும் அதன் வேர் முற்ற மூன்று வருடமளவு எடுக்கும். அதற்குள் நரம்பு கெட்டால் வேர்ச் சிகிச்சை மிகவும் சிக்கலாகிவிடும். சூத்தை இல்லாவிட்டாலும் அதன் ஆழமான வெடிப்புகளை முன்கூட்டியே பூசி மூடிவிடலாம். வலிக்காத, சுலபமான வேலை.

நான்காவது, ஐந்தாவது என்றாலும் விட்டுவிட முடியாது. அவை விழ 10 முதல் 12 வயதாகும். இன்னும் நாலைந்து வருடம் பிள்ளை அதில்தான் சப்பிச் சாப்பிட வேண்டும். முன்னரே பிடுங்கினால் பின்பல் சரிந்து வந்து, அடியில் இருக்கும் பல்லின் வழியை அடைத்துவிடும். குழி சிறிதென்றால் அடைத்தால் போதும். ஆழமாகிவிட்டால் நரம்பின் மேற்பகுதியை மட்டும் அகற்றி, பல்லுக்கு ஒரு உலோக மூடி போடலாம். முரசில் (ஈறில்) சீழ்க்கட்டி வந்துவிட்டால்தான் பெரும்பாலும் பிடுங்கும் பேச்சு. 3 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்களில் இலவசமாகப் பார்க்கிறார்கள்.

வீட்டில், புளோரைட் உள்ள பற்பசையைப் பயறளவு எடுத்து இரவில் நீங்களே துலக்கிவிடுங்கள். பனங்கட்டி சீனியைவிட நல்லது என்று பல்லுக்குத் தெரியாது. எவ்வளவு இனிப்பு என்பதைவிட, நாளில் எத்தனை தடவை என்பதுதான் பல்லைக் கெடுக்கும்.

சரி, அம்மாவிடம் வருவோம். சீனி கட்டுக்குள் இல்லாவிட்டால் முரசு நோய் கூடும். முரசு நோய் கூடினால் சீனியைக் கட்டுப்படுத்துவதும் கடினம். அதனால் முதலில் பல்லில் கல்லாகப் படிந்த காறையைச் சுத்தம் செய்ய வேண்டும். சுத்தம் செய்தால் பல் ஆடும் என்பது தவறான பயம். முரசின் வீக்கம் வற்றி, காறை போன இடம் வெறுமையாகத் தெரிவதைத்தான் ஆட்டம் என்று நினைக்கிறார்கள். சுத்தம் செய்து, சீனியும் இறங்கினால் சில பற்கள் இறுகுவதுண்டு. அதற்குப் பிறகும் ஆடுவதைப் பிடுங்கலாம், உறுதியாக நிற்பதை விடச் சொல்லுங்கள். கீழ்த்தாடையில் இரண்டு வேட்டைப் பற்கள் (கூரான கோரைப் பற்கள்) நின்றாலே செற் அசையாமல் இருக்க அது பெரிய உதவி. எல்லாவற்றையும் எடுத்தால் எலும்பு வருடத்துக்கு வருடம் தேய்ந்துகொண்டே போகும், கீழ்ச் செற் நிற்காது. பிடுங்கப் போகும் நாளில் காலைச் சாப்பாடும் வழக்கமான மருந்தும் எடுத்துக்கொண்டே போக வேண்டும். அஸ்பிரின் போன்றவற்றைத் தானாக நிறுத்தவும் கூடாது. அந்த மருந்தை எடுப்பதை வைத்தியரிடம் சொன்னால் போதும்.

எனக்குக் கவலை வெற்றிலைதான். புகையிலையைத் தவிர்த்தாலும் பாக்கே வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும். வாய் போதியளவு திறக்கிறதா என்று அறிய, அம்மாவிடம் அவவின் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு இடையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுதான் போகிறது என்றாலோ, கன்னத்துக்குள் வெள்ளைப் படையோ இரண்டு வாரம் ஆறாத புண்ணோ இருந்தாலோ, செற் கதையை விட்டுவிட்டு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப் போய் அதை முதலில் காட்டுங்கள்.