ஜெர்மனியில் படிக்கும் நண்பனிடம் மூன்று வாரம் தங்கி, குறைந்த செலவில் ஊர் சுற்ற முடியுமா?

தாராளமாக முடியும். தங்கும் செலவு நண்பனால் மிச்சம். அடுத்த பெரிய செலவு ரயில். அதற்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுங்கள். 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63 யூரோ. நாடு முழுக்க டவுன் பஸ், டிராம், மெட்ரோ, மண்டல ரயில் எல்லாவற்றிலும் ஏறலாம். ஐசிஇ போன்ற அதிவேக ரயில்களில் செல்லாது.

இது காலண்டர் மாதக் கணக்கில் ஓடும் சந்தா. அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணமும் போய்விடும். அதனால் பயணத்தை ஒரே மாதத்துக்குள் அடக்குங்கள். நண்பனுடைய டிக்கெட்டில் நீங்கள் போக முடியாது, அதில் அவர் பெயர் இருக்கும்.

மண்டல ரயில் மெதுவாகத்தான் போகும். ஆனால் கோப்லென்ஸிலிருந்து மைன்ஸுக்கு ரைன் நதியின் மேற்குக் கரை வழியாகப் போகும் ரயிலில் இடதுபக்க ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். நதி கூடவே வரும். எதிர்க்கரைக் குன்றுகளில் கோட்டைகள், சரிவெல்லாம் திராட்சைக் கொடி. கையிலிருந்த ரொட்டியைச் சாப்பிடவே மறந்துவிட்டேன்.

அப்புறம், ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே மளிகை வாங்கி நண்பனோடு சமையுங்கள். காலி தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள். சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் திரும்பக் கிடைக்கும்.

விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.