நீலச் சிலந்திக்கு எந்த ஊர்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். கொஞ்ச நாளாக அவனுக்குச் சிலந்தியைத் தவிர வேறு பேச்சே இல்லை. போனை எடுத்தால் ராட்சதச் சிலந்தி வீடியோதான். ஒரு காலத்தில் நாய் அளவுக்குச் சிலந்திகள் இருந்தன என்று அடித்துச் சொல்கிறான். இப்போது நீல நிறத்தில் டாரன்டுலா என்ற மயிரடர்ந்த பெரிய சிலந்தி ஒன்றைக் காட்டி, ஆன்லைனில் வாங்கித் தரச் சொல்லி அடம்பிடிக்கிறான். என் மனைவிக்குச் சிலந்தியைப் பார்த்தாலே உடம்பு கூசும். பிள்ளைக்கு ஏன் இப்படி ஒரு புத்தி என்று கவலைப்படுகிறாள். நாய் அளவுச் சிலந்தி உண்மையா? இந்த ஆர்வத்தை வளர விடலாமா? வாங்கிக் கொடுக்கலாமா?

எஸ்., விருதுநகர்

அன்புள்ள எஸ்.,

ஆர்வத்தை வளர விடுங்கள். சிலந்தியை வாங்கிக் கொடுக்காதீர்கள். காரணத்தைச் சொல்வதற்கு முன் அந்த நாய் அளவுச் சிலந்தியைப் பார்த்துவிடுவோம்.

உங்கள் மகன் சொல்வதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அர்ஜென்டினாவில் கிடைத்த ஒரு புதைபடிவத்தை 1980இல் மரியோ ஹியூனிக்கன் என்ற ஆய்வாளர் ராட்சதச் சிலந்தி என்று விவரித்தார். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. டைனோசர்களே அப்போது கிடையாது. கால்களை விரித்தால் அரை மீட்டர் வரும் என்று கணக்கிட்டார்கள். மெகாராக்னே என்று பெயர் வைத்தார்கள். அருங்காட்சியகங்களில் அதன் மாதிரிகள்கூட வைக்கப்பட்டன. அப்புறம் இன்னொரு படிவம் கிடைத்தது. அதைத் துருவிப் பார்த்தபோது அது சிலந்தியே இல்லை, கடல்தேள் என்று அழைக்கப்படும் அழிந்துபோன நீர்வாழ் உயிரினம் என்று தெரிந்தது. 2005இல் அந்தத் திருத்தத்தை வெளியிட்டவர்களில் ஹியூனிக்கனும் ஒருவர். 25 ஆண்டுகள் பலரும் ஏற்றுக்கொண்டிருந்த தன் கண்டுபிடிப்பை, ஆதாரம் வந்ததும் தானே கைவிட்டார். அந்தப் படிவத்தைவிட அந்த மனிதரின் கதையை உங்கள் மகன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, சிலந்தி ஏன் நாய் அளவுக்கு வளர முடியாது? செத்துக் கிடக்கும் சிலந்தியைப் பார்த்திருப்பீர்கள், எட்டுக் கால்களும் உள்நோக்கிச் சுருண்டிருக்கும். சிலந்தியின் காலில் இருக்கும் முக்கியமான மூட்டுகள் சிலவற்றில், மடக்குவதற்குத் தசை உண்டு, நீட்டுவதற்கு இல்லை. உடம்பிலுள்ள திரவத்தை அழுத்தத்தோடு காலுக்குள் செலுத்தித்தான் நீட்டுகிறது. உயிர் போனதும் அழுத்தம் போய்விடுகிறது, கால் மடங்கிவிடுகிறது. இப்படிப்பட்ட உடம்பைப் பெரிதாக்கினால் என்ன ஆகும் என்று பையனிடமே கேளுங்கள். நீளம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். அதைத் தாங்கும் காலின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்குதான் கூடும். மூச்சுக்கும் அதே சிக்கல். வயிற்றின் அடியில் புத்தகத் தாள்கள் போல அடுக்கிய நுரையீரலைத்தான் அது முக்கியமாக நம்பியிருக்கிறது. அதைக்கொண்டு நாய் அளவு உடம்புக்குத் தேவையான ஆக்சிஜனை எடுக்க முடியாது. போதாததற்கு, வளர வேண்டுமென்றால் சட்டை உரிக்க வேண்டும். புது ஓடு இறுகும் வரை உடம்பு மெத்தென்று இருக்கும். பத்துப் பதினைந்து கிலோ எடையை வைத்துக்கொண்டு அந்த நேரத்தை அது கடக்கவே முடியாது.

இந்த வரம்புக்குள் இன்று எட்டியிருக்கும் உச்சம், தென் அமெரிக்காவின் வடபகுதிக் காடுகளில் வாழும் கோலியாத் டாரன்டுலா. எடை 170 கிராம் வரை போகும், கால் விரிப்பு 28 சென்டிமீட்டரைத் தொடும். கால் விரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் லாவோஸ் குகைகளில் வாழும் ஒரு வேட்டைச் சிலந்தி இன்னும் கொஞ்சம் பெரிது, 30 சென்டிமீட்டர். 2001இல்தான் அதை அறிவியல் உலகம் பதிவு செய்தது. இவ்வளவு பெரிய ஒரு உயிர் அதுவரை பெயரில்லாமல் இருந்திருக்கிறது!

கோலியாத்தைப் பறவை தின்னிச் சிலந்தி என்பார்கள். உண்மையில் அது பெரும்பாலும் மண்புழு, பூச்சி, தவளைகளைத்தான் தின்கிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் மரியா சிபில்லா மெரியன் என்ற ஓவியர் இருக்கிறார். 1699இல், தன் 52ஆம் வயதில், இளைய மகளைக் கூட்டிக்கொண்டு ஐரோப்பாவிலிருந்து சுரினாமுக்குக் கப்பலேறியவர். பூச்சிகளைப் பார்த்து வரைவதற்காக மட்டுமே போனார். உடல்நலம் கெட்டு 1701இல் திரும்ப வேண்டியதாயிற்று. 1705இல் வெளியிட்ட நூலில், கொய்யாக் கிளை மேல் ஒரு பெரிய சிலந்தி தேன்சிட்டு போன்ற ஒரு சின்னஞ்சிறு பறவையைக் கவ்வியிருக்கும் ஓவியம் இருந்தது. பின்னால் வந்த அறிஞர்கள் சிலர் அதைக் கட்டுக்கதை என்றே எழுதினார்கள். 1863இல் ஹென்றி வால்ட்டர் பேட்ஸ் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர், அமேசான் காட்டில் ஒரு சிலந்தி சிறு பறவைகளைப் பிடித்திருந்ததைத் தான் கண்டதாக எழுதிய பிறகுதான் பேச்சு அடங்கியது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அந்தப் பெண்மணியின் சாட்சி காத்திருக்க வேண்டியிருந்தது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

இனி அந்த நீலச் சிலந்தி. உங்கள் மகன் காட்டியது அநேகமாக ஆந்திரத்துச் சிலந்தியாக இருக்கும். அது எங்கிருந்து வருகிறது என்று அந்த வீடியோக்கள் சொல்லியிருக்குமா தெரியவில்லை. ஆந்திரத்தில் குத்தி என்ற ஊரின் ரயில் நிலையத்து மரக்கிடங்கில் கிடைத்த ஒரே ஒரு சிலந்தியை வைத்து 1899இல் அதற்குப் பெயர் சூட்டினார்கள். மரத்தோடு ரயிலேறி வந்திருக்க வேண்டும். அடுத்து 2001இல்தான் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடையிலுள்ள காட்டில் அதை மறுபடி கண்டார்கள். அதன் நீலம் நிறமியால் வருவதில்லை, மயிர்களின் நுண்ணிய அமைப்பு ஒளியைத் திருப்பும் விதத்தால் வருகிறது. அது வாழ்வதாகத் தெரிந்த காட்டின் பரப்பு 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. காடு வெட்டப்படுகிறது, அழகுக்காகப் பிடித்து உலகமெங்கும் விற்கிறார்கள். இன்று அது மிக அருகிவிட்ட உயிரினப் பட்டியலில் இருக்கிறது. அதன் பேரினம் (நெருங்கிய உறவுள்ள சிலந்தி இனங்களின் தொகுதி) முழுவதும் 2019இல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. கூண்டில் பிறந்தவையும் விற்பனைக்கு வருகின்றன என்பது உண்மைதான். ஆனால் எது காட்டில் பிடித்தது, எது கூண்டில் பிறந்தது என்று திரையில் படத்தைப் பார்த்து உங்களால் சொல்ல முடியாது. வாங்காதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

விருதுநகரில் இருக்கிறீர்கள். இதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு சிலந்தி உங்களுக்கு அடுத்த மாவட்டத்தில், ராமேஸ்வரத்தில் இருக்கிறது. ஹனுமவிலாசம் கோயில் தோப்பின் பெயரால் அதற்கு அறிவியல் பெயர் வைத்திருக்கிறார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரிலும் அது கண்டறியப்பட்டிருக்கிறது. இலங்கையில் இந்த வகையைப் புலிமுகச் சிலந்தி என்பார்கள். பழைய மரப் பொந்துகளில் வாழும், பகலில் வெளியே வராது. இதுவும் அழிவின் விளிம்பில்தான் நிற்கிறது. தோப்பை வெட்டினால் பொந்து போகும், பொந்து போனால் சிலந்தி போகும். இந்தக் கடலின் இரு கரைகளையும் தவிர உலகத்தில் வேறெங்கும் இருப்பதாகத் தெரியாத ஓர் உயிர் பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறது என்பது உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கட்டும். கையால் தொடக் கூடாது என்பதும் தெரிந்திருக்கட்டும். கடித்தால் தசைப்பிடிப்பு கடுமையாக இருக்கும்.

உங்கள் மனைவியின் கூச்சத்தைக் கேலி செய்யாதீர்கள், பையனையும் செய்ய விடாதீர்கள். நிறைய பேருக்கு அது இருக்கிறது, அறிவுரையால் போகாது. ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள். பரண் பக்கம், குளியலறைச் சுவரில், உள்ளங்கை அகலத்தில் தட்டையாக ஒரு சிலந்தி ஒட்டிக்கொண்டிருக்குமே, அதைத் துடைப்பத்தால் அடிக்க வேண்டாம். அதுவும் வேட்டைச் சிலந்திதான், லாவோஸ் குகைச் சிலந்திக்கு நெருங்கிய சொந்தம். வலை பின்னாது, கரப்பான் பூச்சியை ஓடிப் பிடித்துத் தின்னும். பெண் சிலந்தி வட்டமான வெள்ளை முட்டைப் பையை உடம்புக்கு அடியில் சுமந்துகொண்டு திரியும். பையனிடம் ஒரு நோட்டும் ஒரு டார்ச்சும் கொடுங்கள். எந்தச் சுவர், எத்தனை மணி, என்ன தின்றது என்று எழுதட்டும். ஒரு மாதம் கழித்து அந்த நோட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்