மெஷ் கேள்வி-பதில்: ஆம்ப்ளிஃபையரை விட்டுவிடுங்கள்

கேள்வி: ஹாம் (அமெச்சூர்) ரேடியோவில் மெஷ், அதாவது நோட்கள் எனப்படும் ரேடியோக்கள் ஒன்றுக்கொன்று டேட்டாவைக் கைமாற்றும் வலை, தொடங்கப் போகிறேன். எந்த ரேடியோ நல்லது?

எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீட்டர், நடுவில் என்ன நிற்கிறது? இந்த மூன்றையும் எழுதாமல் கேட்டால் என்னத்தைச் சொல்வது? இப்போதைக்கு ஒன்று: ஏஆர்இடிஎன் ஃபர்ம்வேர் (ரேடியோவுக்குள் ஏற்றும் ஹாம் மெஷ் மென்பொருள்) ஏற்கும் கருவிகளின் பட்டியலில் மாடல் பெயரோடு வெர்ஷனையும் சரிபார்த்து வாங்குங்கள். ஒரே பெயர், ஒரே பெட்டி, உள்ளே வேறு சிப் என்பது இந்தச் சந்தையில் சகஜம். சல்லிசாகக் கிடைக்கிறதே என்று 32 எம்பி ரேம் உள்ள பழைய கருவியை எடுக்காதீர்கள்.

கேள்வி: 2.4 கிகாஹெர்ட்ஸா, 5.8ஆ? நடுவில் நாலைந்து பெரிய மரங்கள் உண்டு.

மரம் இருந்தால் இரண்டையும் நம்ப முடியாது. மழையில் இலை நனைந்தால் இருந்த கொஞ்ச நஞ்சமும் போகும். உங்கள் உரிமம் இடம் கொடுத்தால் 900 மெகாஹெர்ட்ஸை முயலுங்கள், வேகம் குறைவாகத்தான் இருக்கும். பாதை திறந்திருந்தால் என் ஓட்டு 5.8க்கு. சின்ன டிஷ்ஷிலேயே நல்ல கெயின் (சிக்னலை ஒரு திசையில் குவிக்கும் திறன்) கிடைக்கும். 2.4இல் அக்கம்பக்கத்து வைஃபை இரைச்சலோடு மல்லுக்கட்ட வேண்டும். வைஃபை சேனல் 1க்குக் கீழே இருக்கும் மைனஸ் சேனல்களை உங்கள் உரிமம் அனுமதித்தால் அங்கே போய்விடுங்கள், கொஞ்சம் நிம்மதி.

அப்புறம், எதிர் முனை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. 10 கிலோமீட்டர் பாதையின் நடுவில், நேர்கோட்டுக்குக் கீழே 5.8க்கு 7 மீட்டராவது காலியாக இருக்க வேண்டும், 2.4க்கு 11 மீட்டர். ஃப்ரெனல் மண்டலத்தை (நேர்கோட்டைச் சுற்றி சிக்னல் பரவிச் செல்லும் இடம்) மறந்துவிட்டு டிஷ்ஷைக் குறை சொல்லாதீர்கள்.

கேள்வி: 2.4 ரேடியோ மேசையில் இருக்கிறது. 20 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் வழியாக மாடியில் 15 டிபிஐ (கெயினின் அளவு) ஆன்டெனா. சிக்னல் போதவில்லை. 2 வாட் ஆம்ப்ளிஃபையர் வாங்கலாமா?

வேண்டாம். இந்தக் கடிதம் வேறு வேறு கையெழுத்தில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. கணக்கை ஒரு முறை போட்டுப் பாருங்கள். 2.4இல் ஆர்ஜி-58 மீட்டருக்குச் சுமார் 1 டிபி (டெசிபல்) தின்னும். 20 மீட்டருக்கு 20 டிபி, அதாவது பவர் நூறில் ஒன்றாகிவிடும். ரேடியோ 100 மில்லிவாட் கொடுத்தால் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேர்வது 1 மில்லிவாட். காசு கொடுத்து வாங்கிய 15 டிபிஐ அத்தனையும் கேபிளிலேயே கரைந்து, மேலே 5 டிபி கடனும் ஆகிவிட்டது. மேசையில் 2 வாட் வைத்தாலும் மாடிக்கு ஏறுவது 20 மில்லிவாட்தான்.

சரி, அனுப்புவதையாவது இப்படி முட்டிக்கொண்டு சரிக்கட்டலாம். கேட்பது? எதிர் முனையிலிருந்து வரும் மெல்லிய சிக்னல் அதே கேபிளில் 20 டிபி இழந்து இரைச்சலுக்குள் மூழ்கிய பிறகு, கீழே அதைப் பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்துதான் பெருகும். காது கேளாதவர் கையில் மைக் கொடுத்த கதை. போதாக்குறைக்கு, முழு பவரில் ஓட்டும் மலிவு ஆம்ப்ளிஃபையர் சிக்னலைச் சிதைத்து, வேகமான மாடுலேஷன்களை, அதாவது டேட்டாவை அலையில் ஏற்றும் முறைகளை, கெடுத்துவிடும்.

செய்ய வேண்டியது எளிது. ரேடியோவும் ஆன்டெனாவும் ஒன்றாக இருக்கும் வெளிப்புறக் கருவியை மாடியில் மாட்டுங்கள். கீழிருந்து ஈதர்நெட் கேபிள் போகட்டும்; 100 மீட்டர் வரை டேட்டா அதில் சேதமில்லாமல் போகும், மின்சாரமும் அதிலேயே ஏறும். கையில் காசு மிச்சமிருந்தால் பெரிய டிஷ் வாங்குங்கள். கெயினில் 6 டிபி கூடினால் தூரம் இரட்டிப்பாகும், அதுவும் அனுப்பவும் கேட்கவும் சேர்த்து.

கேள்வி: குன்றின் உச்சியில் 13 டிபிஐ ஆம்னி (சுற்றிலும் பரப்பும் ஆன்டெனா) வைத்தோம். தூரத்து நோட் கிடைக்கிறது, அடிவாரத்து நோட் கிடைக்கவில்லை.

அதன் செங்குத்து வீச்சு 7 டிகிரி அளவுதான், அடிவாரத்துக்காரர்களின் தலைக்கு மேலே போய்விடுகிறது. ஆம்னியை இறக்கிவிட்டு, கீழ்நோக்கிச் சாய்த்த, ஒரு பக்கத்துக்கு மட்டும் வீசும் செக்டார் ஆன்டெனாக்களைப் போடுங்கள். எல்லாத் திசை இரைச்சலையும் வாரிக்கொள்ளும் ஆம்னி உச்சிக்கு ஆகாது.

கேள்வி: டிஷ்ஷை நேராகத்தான் திருப்பினேன். 4 கிலோமீட்டருக்கு 8 டிபி எஸ்என்ஆர்தான் (இரைச்சலுக்கு மேலே சிக்னல் நிற்கும் அளவு) வருகிறது.

பக்க மடலில் (டிஷ்ஷின் முதன்மை வீச்சுக்குப் பக்கத்தில் கசியும் மெல்லிய வீச்சு) பூட்டியிருப்பீர்கள். டிஷ்ஷை இடமிருந்து வலம் மெதுவாக நகர்த்துங்கள். சிறு ஏற்றம், பெரிய ஏற்றம், மறுபடி சிறு ஏற்றம் என்று வரும். நடுவில் இருப்பதில் போல்ட்டை இறுக்குங்கள். பிறகு மேலும் கீழும் அதே போல. 15க்குக் குறைந்தால் விடாதீர்கள். அப்படியும் ஏறவில்லையா, ஃப்ரெனல் மண்டலத்தைப் பாருங்கள்.

கேள்வி: மூன்றாவது நோட்டைத் தாண்டினால் வேகம் படுத்துவிடுகிறது.

எல்லாம் ஒரே சேனலில்தானே? ஒவ்வொரு தாவலிலும் (நோட்டிலிருந்து நோட்டுக்குப் போகும்போதும்) வேகம் ஏறக்குறையப் பாதியாகும். நடு நோட்டில் இரண்டாவது ரேடியோவை வேறு பேண்டில் வைத்து, இரண்டையும் ஈதர்நெட்டில் இணையுங்கள்.

கேள்வி: மெஷ்ஷுக்குப் பாஸ்வேர்ட் போட்டு என்கிரிப்ட் செய்யலாமா?

ஹாம் அலைவரிசையில் பொருளை மறைத்துப் பேச அநேகமாக எந்த நாட்டு விதியும் விடாது. உரிமத்தை எடுத்துப் படியுங்கள்.

கேள்வி: பழைய 48 வோல்ட் பிஓஇ (ஈதர்நெட் கேபிளிலேயே மின்சாரம் ஏற்றும்) அடாப்டர் கிடக்கிறது. 24 வோல்ட் ரேடியோவுக்குப் போடலாமா?

ரேடியோ புகைந்த பிறகு என்னைக் கேட்காதீர்கள்.